தெருவைப் பார்த்து உட்கார்ந்த வீடு

பட்டாணி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மிர்தே அதைச் சொன்னாள். ஜனவரி மாதம். வெளியே மழை.

“மார்ச் வரைக்கும் பாக்கலாம் யெல்மர். அதுக்குள்ள இந்த வீட்டுல உக்காரணும்னு எனக்குத் தோணலன்னா வித்துடலாம்.”

“வீட்டுல என்ன குறை?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். சாப்பிட்டதும் களைப்பாக இருக்கிறது என்பாள். படுக்கையறைக் கதவு மூடும். நான் மட்டும் கீழே சோபாவில் உட்கார்ந்திருப்பேன். மனைவிக்குப் பிடிக்காதது வீடா, வீட்டில் இருக்கும் நானா என்ற கேள்வி எனக்குள் இருந்தது. அதை அவளிடம் கேட்கும் தைரியம் இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்பது சுலபம் என்பதால் வீட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நெதர்லாந்தில், டேவென்டர் ஊரில், எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். ஹால் தெருவிலிருந்து தோட்டம் வரை ஒரே நீளம். முன்னால் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல், பின்னால் இன்னொன்று. காலை வெயில் தோட்டப் பக்கம் நுழையும், மாலை வெயில் தெருப் பக்கம் நுழையும். எல்லா வீட்டிலும் சோபா முன்னால் இருக்கும். சாப்பாட்டு மேசை பின்னால், சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் ஜன்னல் விளிம்பில் அப்பா வாங்கித் தந்த இரண்டு ஆர்க்கிட் செடிகள், ஒரே மாதிரி வெள்ளைச் சாடியில், ஆளுக்கொரு ஓரமாக நின்றன. இதையெல்லாம் நாங்கள் யோசித்து வைக்கவில்லை. எல்லாரும் வைப்பதுபோல வைத்தோம்.

குறையை நானே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி, அக்டோபரிலிருந்தே செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டு உள்ளலங்கார மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகலில் நான் நீர்வாரியத்தில் கால்வாய் அளவுகளைக் கணினியில் ஏற்றுபவன். அளப்பது எனக்குக் கைவந்த வேலை. கட்டம் போட்ட தாளில் ஹாலை வரைந்தேன். சுவருக்குப் பாசிப் பச்சை தேர்ந்தெடுத்து, டிசம்பர் விடுமுறையில் சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் நானே அடித்தேன்.

“அழகா இருக்கு,” என்றாள் மிர்தே. பிறகு மாடிக்குப் போனாள்.

வகுப்பில் என் வரைபடத்துக்கு எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள். தாளைப் பார்த்துத் தலையாட்டலாம். அதில் உட்கார்ந்து பார்க்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு யோசின் என்ற இன்டீரியர் டிசைனர் பேச வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தார். பளபளப்பான வீடுகளின் படங்களைக் காட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் காட்டியதோ தேய்ந்துபோன நாற்காலிக் கைகள், அழுக்கேறிய சுவர் மூலைகள், ஒரு பக்கம் மட்டும் அமுங்கிய மெத்தைகள்.

“வீட்டுக்காரங்க சொல்றத நான் பாதிதான் நம்புவேன்,” என்றார். “எங்க தேஞ்சிருக்கோ அங்கதான் அவங்க குடித்தனம் நடக்குது. தேயாத இடத்துக்கு அவங்க வாடகை மட்டும் குடுத்துட்டு இருக்காங்க.”

எங்கள் சோபா வந்து ஏழெட்டு மாதம் ஆகியும் கடையில் இருந்த மாதிரியே இருந்தது. என் பக்கம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. மறுநாள் காலையில் அவருக்குத் தொலைபேசினேன். அவர் சொன்ன கட்டணம் புது அலமாரிக்கு நாங்கள் சேர்த்து வைத்திருந்த தொகையை விழுங்கிவிடும். இருந்தாலும் சரி என்றேன்.

மிர்தேவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“நீ வகுப்புக்குப் போறதே ஆள் வைக்காம இருக்கத்தானே? இப்ப வகுப்புக்கும் காசு, ஆளுக்கும் காசு.”

“ஒரு தடவை வந்து பாக்கட்டும்.”

“வரட்டும். ஆனா வீட்டுத் தரகர்கிட்டயும் நான் பேசிட்டேன். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை வந்து மதிப்புப் போடுவாரு. அத மாத்தச் சொல்லாத.”

நான் மாற்றச் சொல்லவில்லை.

யோசின் வந்த நாள் மங்கலான மாலை. கோட்டைக் கழற்றி மாட்டியதும் நான் வரைபடச் சுருளை நீட்டினேன்.

“அப்புறம் பாக்கறேன். நீங்க வரைஞ்சா நல்லாத்தான் இருக்கும், சுருள் மேல இருக்கற கையெழுத்தப் பாத்தாலே தெரியுது. மொதல்ல காபி கிடைக்குமா?”

காபி வந்தது. மிர்தே பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மூடினாள். யோசின் உட்காரவில்லை.

“இப்ப நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க. ஊர்லயே யாரும் இல்ல. உங்க கோப்பைய எடுத்துக்கிட்டு, எங்க உக்காந்து குடிக்கணும்னு தோணுதோ அங்க போங்க. ரெண்டு பேரும்.”

நான் சோபாவில் என் குழியில் உட்கார்ந்தேன். மிர்தே நின்றாள். சோபாவைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். பிறகு ஹால் கதவைத் திறந்து வெளியே போய் அதைச் சாத்திக்கொண்டாள். மாடிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. யோசின் மெல்லக் கதவைத் திறந்தார். மிர்தே மாடிப்படியில், சுவரில் சாய்ந்து, முழங்காலில் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் எங்கள் ஈரக் கோட்டுகள் தொங்கின.

“இங்கயா?” என்றேன்.

“சும்மா... இங்க வந்துட்டேன்.”

“சும்மா இல்லயே,” என்று யோசின் குனிந்து படிக்கம்பளத்தைத் தொட்டார். அங்கே வட்ட வட்டமாகக் காபிக் கறை, ஒன்றின்மேல் ஒன்றாக. “ரொம்ப நாள் பழக்கம்தான். யெல்மர், நீங்க இதப் பாத்ததில்லயா?”

அந்தப் படியின் உயரமும் அகலமும் என் வரைபடத்தில் இருந்தன. கறை இல்லை.

“நீ வேலைவிட்டு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காருவேன்,” என்றாள் மிர்தே. முகம் சிவந்துவிட்டது. “கிறுக்குத்தனம்தான். இவ்வளவு பெரிய வீட்ட வச்சுக்கிட்டுப் படியில உக்காருறவ நான்தான்.”

“கிறுக்குன்னு நான் சொல்லல. இப்ப எனக்காக ஒரு கஷ்டம் பொறுத்துக்கணும். சோபாவுல போய் உக்காந்து எதையாவது படிங்க. யெல்மர், கோட்ட மாட்டுங்க. நாம வெளிய போறோம்.”

“மழை பெய்யுதே.”

“பெய்யட்டும். உங்க வீட்ட நீங்க எப்பவாவது எதிர்வாடையில நின்னு பாத்திருக்கீங்களா? விளக்குப் போட்ட பிறகு?”

பார்த்ததில்லை. நான் வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் சாவி கையில் இருக்கும், பூட்டைத்தான் பார்ப்பேன்.

எதிர்நடைபாதையில் நின்றோம். இருட்டிவிட்டது. வரிசையாக எல்லா ஜன்னல்களும் வெளிச்சமாக இருந்தன. எங்கள் ஊர் வழக்கப்படி, எதிலும் திரை இல்லை. எங்கள் ஜன்னலில் மிர்தே இரண்டு ஆர்க்கிட்டுகளுக்கு நடுவில், என் பாசிப் பச்சைச் சுவருக்கு முன்னால், கடை அலமாரியில் எடுத்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். பச்சை நிறத்தில் அவள் முகம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. வேறு நிறமாக இருந்திருந்தால் கொஞ்சமாவது மங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மூன்றாம் வீட்டு கோபா தன் குட்டை நாயுடன் வந்தாள். எங்கள் ஜன்னலுக்கு எதிரே நின்று கையை ஆட்டினாள். மிர்தே தலை நிமிர்ந்து சிரித்துக் கையைத் தூக்கினாள். கோபா அதோடு விடவில்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இருமுவதுபோல் நடித்து, புட்டியிலிருந்து கரண்டியில் ஊற்றுவதுபோல் சைகை செய்தாள். மிர்தே இரண்டு கைகளாலும் ஏதோ விளக்கினாள். காலையில் இரண்டு கரண்டி, ராத்திரி ஒன்று. நாய் எங்கள் வேலியில் காலைத் தூக்கியது. கோபா போனாள். மிர்தேவின் சிரிப்பு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது, அணைக்க மறந்த விளக்குபோல.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மிர்தே இந்தப் பேட்டையின் மருந்துக்கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். யாருக்கு மூலம், யாருக்குத் தூக்க மாத்திரை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். சீட்டை வாங்கும்போது இப்படித்தான் சிரிப்பாள்.

“என்ன தெரியுது?” என்றார் யோசின்.

“எங்க வீடு.”

“வீடு எனக்கும் தெரியுது. அவங்க என்ன செய்றாங்க?”

“படிக்...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அவள் திருப்பவில்லை. “வேலை செய்றா.”

“அதேதான். இப்ப உள்ள போலாம், மூக்கு விறைச்சுப்போச்சு.”

உள்ளே வந்ததும் நான் முதலில் சொன்னது: “நாளைக்கே திரை வாங்கிடறேன்.”

“வேண்டாம்!” என்று மிர்தே ஏறக்குறையக் கத்தினாள். “ராத்திரி ஏழு மணிக்குத் திரைய இழுத்து மூடினா தெரு என்ன நெனைக்கும்? உங்க அப்பா என்ன சொல்வாரு? ‘உள்ள என்ன நடக்குதோ’ம்பாரு. அவரு இருக்கட்டும். இருபதாம் நம்பர்காரங்க திரை போட்டப்ப நானே அதத்தானே சொன்னேன்? அவங்க வீட்டுல ஏதோ சண்டைன்னு கடை முழுக்கப் பேசினோம். பாவம், அந்தம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன்.”

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஜன்னல்தான் தொந்தரவுன்னு.”

“இல்ல யெல்மர். சத்தியமாத் தெரியல. பகல் பூரா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால நிக்கறேன். வீட்டுக்கு வந்து உக்காந்தா என்னமோ கழுத்து விறைக்குது. களைப்புன்னு நெனச்சேன். சில நாள்...” என்று நிறுத்தி, யோசினைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “சில நாள் உன் மேல எனக்கு அலுத்துப்போச்சோன்னு கூட நெனச்சேன்.”

“நானும் அதத்தான் நெனச்சேன்.”

“நீயுமா? என் மேலயா?”

“இல்ல, என் மேல உனக்கு.”

யோசின் தொண்டையைச் செருமினார். “நீங்க ரெண்டு பேரும் அதப் பொறுமையாப் பேசுங்க, அதுக்கு நான் கட்டணம் வாங்கல. திரை வேண்டாம்னு மிர்தே சொல்றது சரி. போட்டா தினம் சாயங்காலம் அத மூடறதா வேண்டாமான்னு ஒரு சண்டை வரும். மாலை வெயிலும் போயிடும். இப்ப அந்தத் தாளக் காட்டுங்க யெல்மர்.”

என் வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சிலால் இரண்டே இரண்டு அம்புக்குறி போட்டார். சோபாவிலிருந்து தோட்டப் பக்கம் ஒன்று. சாப்பாட்டு மேசையிலிருந்து தெருப் பக்கம் ஒன்று.

எனக்கு உடனே மறுப்பு வந்தது. “சமையலறை பின்னால இருக்கு. சூப் சட்டிய வீட்டு நீளத்துக்குத் தூக்கிட்டுப் போகணுமா?”

“ஆமா. சூப்ப ஒரு தடவை தூக்குவீங்க. அப்புறம் தூங்கப் போற வரைக்கும் உக்காருவீங்க. எதுக்கு நல்ல இடம் குடுக்கணும்?”

“பின்னால போட்டாலும் தெருவுலேந்து தெரியுமே,” என்றாள் மிர்தே. “நேர்ப் பார்வைதானே?”

“தெரியாது. காட்டறேன்.” யோசின் எழுந்து போய்ப் பின்பக்கத்துப் பெரிய விளக்கை அணைத்தார். குட்டை விளக்கு ஒன்றைத் தூக்கி வந்து தெரு ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்து எரியவிட்டார். “மிர்தே, இப்ப நீங்க வெளிய போங்க. யெல்மர், பின்னால ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க. எத வேணும்னாலும் செய்யுங்க.”

நான் இருட்டில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். மிர்தே ஈரத் தலையோடு திரும்பி வந்தாள்.

“என்ன பாத்தீங்க?”

“விளக்கு. ஆர்க்கிட்டு. அவ்வளவுதான்.” பிறகு என்னிடம், “நீ என்ன செஞ்ச?”

“நாட்டியம் ஆடினேன்.”

“பொய்.”

“கிட்டக்க எங்க வெளிச்சம் இருக்கோ அங்கதான் தெருவோட கண்ணு நிக்கும்,” என்றார் யோசின். “மேசைக்கு மேல ஒரு விளக்கத் தாழத் தொங்கவிடுவோம். வர்றவங்க போறவங்க ஒரு அழகான மேசையப் பாப்பாங்க, பழக்கிண்ணத்தப் பாப்பாங்க, சந்தோஷமாப் போவாங்க. திரையே தேவையில்ல. அதுக்குப் பின்னால நீங்க கால நீட்டிக்கலாம். நடுவுல ஒரு திறந்த புத்தக அடுக்கு வப்போம், இடுப்பளவு. வெயிலத் தடுக்காது, பார்வைய மட்டும் தடுக்கும். ஆனா இப்ப எதுவும் வாங்காதீங்க. மொதல்ல இருக்கறத நகர்த்திப் போட்டு வாழ்ந்து பாருங்க. சரி வரலன்னா சொல்லுங்க, வேற யோசிக்கறேன். சரி வரும்.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் சொன்ன விதம் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் கேள்விக்குறி இல்லாமல் வந்ததே இல்லை.

“அந்தப் பச்சை?” என்று கேட்டேன்.

“நல்ல பச்சை. தப்பான சுவருல இருக்கு.”

மூன்று பேருமாகச் சோபாவைத் தூக்கினோம். யோசின் தன் பங்கை விட அதிகமாகவே தூக்கினார்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மிர்தே மாடிக்குப் போனாள். நான் தோட்டப் பக்கத்து சோபாவில் தனியாக உட்கார்ந்து, அலமாரிப் பணத்தை நினைத்துக்கொண்டேன். என் கணக்கு மறுபடியும் தப்பிவிட்டது, இந்த முறை இன்னொருவர் துணையோடு. கொஞ்ச நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. மிர்தே கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

“இங்க குளிருதுல்ல, அதான்,” என்று என் பக்கத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

அவள் காலை மடக்கி உட்கார்ந்து அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. போர்வையின் ஒரு நுனியை என் பக்கமும் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காபிக்கு வந்தார். கதவைத் திறந்ததும் வழக்கம்போல் நேரே முன்பக்கம் உட்காரப் போனவர் மேசைமேல் மோதிக்கொண்டார்.

“டேய் யெல்மர், வீட்டத் திருப்பி வச்சிருக்கியா? வாசல் எங்கடா?”

“வாசல் வாசல்லதான் இருக்கு அப்பா.”

“சோபா தோட்டத்துக்குப் பக்கத்துல. அங்க உக்காந்து யாரப் பாக்கறது? காக்காயவா?”

“என்னப் பாருங்க ரெய்ண்டர்,” என்றாள் மிர்தே அப்பாவிடம். “கொஞ்ச நாளா நீங்க என்னப் பாக்கவே இல்ல. வந்தா தெருவுல போற வண்டியத்தான் பாத்துட்டு இருப்பீங்க.”

அப்பா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திரை எதுவும் மூடியிருக்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. மேசைமேல் விளக்கு எரிந்தது. கடைசியில், “இதுக்கு ஆளு வச்சீங்களாமே,” என்றார். “சோபாவ நகர்த்த எனக்குச் சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேன்.”

“எங்க நகர்த்தணும்னு நீங்க சொல்லியிருப்பீங்களா?” என்று நான் கேட்டேன்.

அவர் யோசித்தார். “முன்னாலதான்,” என்றார் நேர்மையாக. பிறகு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, தன் முழங்கால் வலியைப் பற்றி முதல் முறையாக மிர்தேவிடம் விவரமாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அது கடைச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் வீட்டை விற்பதைப் பற்றி மிர்தே எதுவும் சொல்லவில்லை. பிப்ரவரி முடியப் போகிறது. தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் கேட்டேன்.

“வரட்டும். சொன்னா சொன்னதுதான். விலையக் கேட்டப்புறமும் எனக்கு இதே எண்ணம் இருந்தாத்தான் அது எண்ணம்.”

“என்ன எண்ணம்?”

“வரட்டும்.”

சனிக்கிழமை மார்னிக்ஸ் என்ற அந்தத் தரகர் வந்தார். இளைஞர், கூர்மையான காலணி, கையில் சிவப்பு ஒளிக்கற்றை பாய்ச்சி அளக்கும் கருவி. வெயில் அடித்தது. மிர்தே தோட்டப் பக்கத்து சோபாவில் போர்வையோடு படுத்திருந்தாள். எழுந்திருக்காமலேயே கையை நீட்டி அவருடன் குலுக்கினாள். நான் அவரை மாடிக்குக் கூட்டிப்போய் எல்லா அறையையும் காட்டினேன். கீழே வந்ததும் அவர் ஒரு விலை சொன்னார். நாங்கள் வாங்கிய விலையை விடத் தாராளமாகவே அதிகம். மிர்தே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சந்தை நல்லா சூடா இருக்கு,” என்றார் மார்னிக்ஸ். “ஒரே ஒரு விஷயம். போட்டோ எடுக்கற அன்னிக்கு இந்த சோபாவ முன்னால நகர்த்திடுங்க, மேசைய இங்க போட்டுடுங்க. வாங்க வர்றவங்க குழம்பக் கூடாது. எல்லா வீடும் அப்படித்தானே?”

“ஏன், இது நல்லா இல்லயா?” என்றேன்.

“நல்லா இருக்கு. வித்தியாசமா இருக்கு. வித்தியாசம் விக்காது. ரெண்டு ஆளு போதும், அஞ்சு நிமிஷ வேலை. வேணும்னா நானே ஒரு கை பிடிக்கறேன். இப்பவே போட்டோவும் எடுத்துடலாம், வெயில் இருக்கறப்பவே.” சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுச் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

மிர்தே அசையவில்லை.

“தூக்குங்க,” என்றாள். “ஆனா என்னயும் சேத்துத்தான் தூக்கணும்.”

அவர் சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று பார்த்தேன். மிர்தே சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, போர்வையைத் தாடைவரை இழுத்தாள். மார்னிக்ஸ் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரன் என்ற முறையில் நான் ஏதாவது சொல்வேன் என்று.

“சோபா இங்கயே இருக்கட்டும். காபி குடிச்சிட்டுப் போங்க,” என்றேன்.